நீர் படித்தது யாது?

கற்றல் வேறு, கேட்டல் வேறு. இவ்வேறுபாட்டை நன்குணர்ந்தவர் நம் முன்னோர். திருவள்ளுவர் கல்விக்கென ஓர் அதிகாரம் வகுத்தார். அதனையடுத்துக் கல்லாமைக்கென ஓர் அதிகாரம் வகுத்தார். அவ்வளவில் அமையாது கேள்விக்கெனத் தனியே மற்றோர் அதிகாரமும் வகுத்தார். கேள்வி என்னும் சொல்லோ இருபொருள் பயப்பது. பிறர் சொல்வதற்குச் செவி கொடுத்தலும் கேள்வியே. பிறரை நோக்கி வினவுதலும் கேள்வியே. ஒருவர் தனித்திருந்து நூலைப் புரட்டுவது கல்வி எனின், பலர் கூடியிருந்து, “நீர் படித்தது யாது?” என்று ஒருவரையொருவர் வினவி, வரும் விடைக்குச் செவி சாய்ப்பது கேள்வியாகும். இந்த ஒரு கேள்வி ஒரு நகரத்தை எவ்வாறு மாற்றிற்று என்பதையும், அந்நகரத்தில் இக்கேள்வி யாரை நோக்கிக் கேட்கப்படவில்லை என்பதையும் இங்குச் சொல்லப் புகுகின்றோம்.

அதற்கு முன் நம் சொந்தக் கதை சிறிது சொல்ல வேண்டும். நாம் ஒரு தோட்டத்திற் கிராணி வேலை பார்த்து வருகின்றோம். ஆங்கிலப் பள்ளியிற் பயின்ற நமக்குத் தமிழ் நூல்களிற் பற்று உண்டானது பிற்காலத்திலேதான். மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமையன்று நம் வீட்டு முன்கூடத்தில் ஐவர் கூடுவோம். பள்ளி ஆசிரியர் ஒருவர், மருந்தகத்திற் பணிபுரிபவர் ஒருவர், அலுவலகத்தார் இருவர், பட்டணத்திலிருந்து வரும் நண்பர் ஒருவர். ஒவ்வொருவரும் தாம் அப்போது படித்துக்கொண்டிருக்கும் நூலைப்பற்றிக் கால்மணி நேரம் பேச வேண்டும். மற்றவர் வினவ வேண்டும். இதுவே விதி.

ஒருநாள் கூட்டம் நடந்துகொண்டிருக்கையில், வாயிற்படியில் நின்றிருந்த முதியவர் ஒருவர், “கிராணி ஐயா, நானும் உள்ளே வந்து உட்காரலாமா?” என்றார். காட்டு வேலை செய்து ஓய்ந்தவர் அவர். நாம் எழுந்து சென்று அவரை அழைத்து வந்து நாற்காலியில் அமர்த்தினோம். மூன்றாண்டுகளாக மாதந்தோறும் அவர் அந்தப் படியில் நின்றே எங்கள் பேச்சைக் கேட்டு வந்தார் என்பது பின்னரே தெரிந்தது. அவரை எவரும் தடுத்ததில்லை. ஆனால் எவரும் அழைத்ததுமில்லை. தடுக்கவில்லை என்று சொல்லி நாம் தப்பித்துக்கொள்ள முடியுமா? இவ்வினா நம் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. அந்நாளில் நம் கையிலிருந்தது வட அமெரிக்காவிலுள்ள பிலடெல்பியா நகரத்து வரலாறு. அவ்வரலாறு இவ்வினாவுக்கு நேரான விடை சொல்லிற்று. ஆதலின் அதனை அன்பர்கள் முன் வைக்கின்றோம்.

தோல் மேலாடைக் கூட்டம்

1706-ஆம் ஆண்டில் பாஸ்டன் நகரில் மெழுகுவத்தியும் சோப்பும் செய்து விற்கும் ஒருவருக்கு மகனாகப் பிறந்தவர் பெஞ்சமின் பிராங்க்ளின். அவர் பள்ளிக்கூடம் கண்டது இரண்டே ஆண்டுகள். பத்தாம் வயதிற் படிப்பு நின்றது. பன்னிரண்டாம் வயதில் தமையனாருடைய அச்சுக்கூடத்திற் தொழில் பழக ஒப்பந்தம் எழுதப்பட்டது. தமையனாரோடு மனம் வேறுபட்டு, 1723-ஆம் ஆண்டில், பதினேழாம் வயதில் ஊரைவிட்டு ஓடிப் பிலடெல்பியா சேர்ந்தார். இடையில் இலண்டன் சென்று அச்சுத் தொழில் பார்த்துத் திரும்பினார். 1727-ஆம் ஆண்டில் தம்மையொத்த சிலரைக் கூட்டி ஒரு கழகம் கண்டார். அதற்கு ஜண்டோ என்று பெயர். வேலை செய்யும்போது தோலாலான மேலாடை அணியும் கைத்தொழிலாளர் பலர் அதில் இருந்தமையால், தோல் மேலாடைக் கூட்டம் என்றும் அதனை ஊரார் அழைத்தனர்.

அக்கூட்டத்தில் இருந்தவர் யாவர்? கண்ணாடிப் பலகை பொருத்துபவரும் தாமே கணிதம் கற்றவருமான தாமஸ் காட்பிரே. செருப்புத் தைத்துப் பிழைத்த வில்லியம் பார்சன்ஸ். தச்சுத் தொழிலினரான வில்லியம் மாக்ரிட்ஜ். நிலம் அளப்பவரான நிக்கலஸ் ஸ்கல். பத்திரங்களுக்கு நகல் எழுதிக் கொடுக்கும் ஜோசப் பிரைன்ட்னல். வணிகர் ஒருவரிடம் எழுத்தராக இருந்த வில்லியம் கோல்மன். ஓரளவு செல்வம் படைத்த ராபர்ட் கிரேஸ் முதலியோர். கிராணித் தொழிலினர் இருவர் இப்பட்டியலில் உள்ளதைக் கண்டபோது நமக்கு உண்டான மகிழ்ச்சியை மறைப்பானேன்! செருப்புத் தைத்த பார்சன்ஸ் பின்னாளில் அந்நாட்டுத் தலைமை நில அளவையாளராக உயர்ந்தார்; எழுத்தராக இருந்த கோல்மன் பெருவணிகராகவும் நீதிபதியாகவும் விளங்கினார்.

வெள்ளிக்கிழமை மாலைதோறும் அவர்கள் கூடினர். முதலில் ஒரு மதுச்சாலையிலும், பின்னர் கிரேஸ் என்பாருடைய வீட்டில் ஓர் அறையிலும் கூட்டம் நடந்தது. உறுப்பினர் பன்னிருவருக்கு மேற்படலாகாது என்பது கட்டளை. ஒவ்வொருவரும் முறைவைத்து ஒழுக்கம், அரசியல், இயற்கை நூல் என்பவற்றுள் ஒன்றைப்பற்றி வினா எழுப்ப வேண்டும். மூன்று திங்களுக்கு ஒருமுறை தாமே ஒரு கட்டுரை எழுதிப் படிக்க வேண்டும். வாதம் வெற்றிக்காக அன்று, உண்மைக்காகவே நிகழ வேண்டும். “இது இப்படித்தான்” என்று அடித்துப் பேசினாலும், பிறர் கூற்றை நேரே மறுத்தாலும் சிறு தண்டம் கட்ட வேண்டும். சங்கம் கண்ட மறுமாதமே சண்டையிட்டுப் பிரியும் நம்மவர் பலருக்கு இவ்விதி ஒன்றே போதுமான பாடமாகும்.

கூட்டந்தோறும் வாசிப்பதற்கென இருபத்துநான்கு வினாக்களை அவர்கள் வகுத்து வைத்திருந்தனர். ஒரு வினாவுக்கும் மற்றொரு வினாவுக்கும் இடையில் ஒரு குவளை மது நிரப்பிக் குடிக்கும் அளவுக்கு நேரம் விடுவதும் வழக்கம். ஊரில் அண்மையில் வணிகம் நொடித்தவர் யார், நொடித்த காரணம் என்ன? செழித்தவர் யார், செழித்த வழி என்ன? புதிதாய் வந்த அயலார் எவரேனும் உளரோ, அவருக்கு உதவக் கூடுமோ? சட்டத்திற் குறை ஏதேனும் கண்டீரோ? தொழில் தொடங்கும் இளைஞர் எவருக்கேனும் கைகொடுக்க வேண்டுமோ? இவ்வாறு செல்லும் அப்பட்டியலில் முதலிடம் பெற்ற வினா யாது தெரியுமோ? நீர் கடைசியாகப் படித்த ஆசிரியரிடம் இக்கூட்டத்தாருக்குச் சொல்லத்தக்க சிறப்பு ஏதேனும் கண்டீரோ என்பதே அது!

இவ்வினாவின் ஆற்றலைச் சற்று ஆராய்வோம். வெள்ளிக்கிழமையன்று தம்மை வினவுவார்கள் என்று அறிந்த ஒருவர், நூலைக் கையில் எடுக்கும்போதே வேறு விதமாகப் படிக்கின்றார். எனக்கு இது பிடிக்கிறதா என்பதோடு நில்லாமல், தச்சருக்கு இதில் என்ன உண்டு, எழுத்தருக்கு என்ன உண்டு என்றும் பார்க்கின்றார். அன்றியும், அந்நாளிற் பிலடெல்பியாவில் நல்ல புத்தகக்கடை இல்லை. நூல்கள் இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வரவேண்டும், விலையும் மிகுதி. அந்நிலையில் ஒருவர் படித்த நூலைக் கூடியிருந்த அனைவரும் படித்தவராயினர். ஏழைக்கு இதைவிடச் சிக்கனமான கல்வி வேறு உண்டோ?

வினாவிலிருந்து நூலகம்

பேசப் பேச மற்றொரு தேவை பிறந்தது. வாதத்தினிடையே, “அந்நூல் அவ்வாறு சொல்லவில்லையே” என்று ஒருவர் ஐயுற்றால், நூலைப் புரட்டிப் பார்க்க வேண்டியதாயிற்று. ஆகவே ஒவ்வொருவரும் தம்மிடமுள்ள நூல்களைக் கொணர்ந்து கூட்ட அறையில் வைப்பதென முடிவு செய்தனர். எண்ணிய அளவுக்கு நூல்கள் சேரவில்லை, சேர்ந்தவற்றையும் பேணுவாரில்லை. ஓராண்டுக்குப் பின் அவரவர் நூலை அவரவர் எடுத்துக்கொண்டு போயினர்.

தோல்வியைக் கண்டு வாளாவிருந்தாரோ பிராங்க்ளின்? இல்லை. பன்னிருவராற் கூடாதது ஐம்பதின்மராற் கூடும் எனக் கண்டார். 1731-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் ஓர் உடன்படிக்கை எழுதப்பட்டது. ஆளுக்கு முதலில் நாற்பது ஷில்லிங். பின்னர் ஆண்டுதோறும் பத்து ஷில்லிங். சேர்ந்தோருள் பெரும்பாலார் இளந் தொழிலாளர். இப்பணியிற் பிராங்க்ளின் ஓர் உண்மையைக் கற்றார். “இது என் திட்டம்” என்று சொல்லிக்கொண்டு சென்றால், இவர் பெயரெடுக்கப் பார்க்கிறார் என எண்ணி மக்கள் தயங்கினர். “இது நண்பர் பலருடைய திட்டம், என்னைச் சுற்றிவரச் சொன்னார்கள்” என்று தம்மைப் பின்னே மறைத்துக்கொண்டபோது காரியம் எளிதில் முடிந்தது. தலைவர் பட்டத்துக்குப் போட்டியிடும் நம் மன்றத்தார் இதனை நினைவிற் கொள்வாராக.

ஜேம்ஸ் லோகன் என்னும் அறிஞர் நூற்பட்டியலுக்கு யோசனை கூறினார். இலண்டனிலிருந்த பீட்டர் காலின்சன் என்னும் வணிகர் நூல்களை வாங்கி அனுப்ப உதவினார். 1732-ஆம் ஆண்டில் முதல் நூற்சுமை வந்திறங்கிற்று. பிலடெல்பியா நூலகச் சங்கம் என்னும் அந்நிலையத்தின் முதற் செயலாளர் யார்? பத்திர நகல் எழுதும் நம் பிரைன்ட்னலே! பங்கு செலுத்தாதவரும் பணம் பிணை வைத்து நூல் எடுத்துச் செல்லலாம் என விதி செய்தனர். பிற ஊர்களிலும் இதுபோன்ற நூலகங்கள் எழுந்தன. அயல்நாடுகளிற் பெருமக்கள் பெற்றிருக்கும் அறிவை இந்நாட்டுச் சாதாரணத் தொழிலாளரும் உழவரும் பெற்றமைக்கு இந்நூலகங்களே காரணம் எனப் பிராங்க்ளின் முதுமையில் எழுதினார். 1774-ஆம் ஆண்டில் ஆங்கில ஆட்சிக்கெதிராகக் குடியேற்ற நாடுகளின் பிரதிநிதிகள் கூடியது தச்சர் மண்டபத்திலே. அம்மண்டபத்தின் மேல்மாடியில் இருந்தது இந்நூலகம். அதனைப் பயன்படுத்தும் உரிமை பிரதிநிதிகளுக்கு அளிக்கப்பட்டது.

நூலகம் மட்டுமோ? ஊரில் நேரும் தீ விபத்துக்களைப்பற்றிப் பிராங்க்ளின் ஜண்டோவில் ஒரு கட்டுரை படித்தார். அதன் பயனாக 1736-ஆம் ஆண்டில் தொண்டர்களைக் கொண்ட தீயணைப்புக் கழகம் ஒன்று பிறந்தது. அதனைப் பார்த்துப் பல கழகங்கள் எழுந்தன. இத்தீயணைப்புக் கழகங்களைப் பின்னர் மீண்டும் காண்போம். அன்பர்கள் இதனை நினைவில் வைத்துக்கொள்க.

சாத்திய கதவு

ஜண்டோவிற் புதிதாய்ச் சேர விரும்புவோர் எழுந்து நின்று, நெஞ்சிற் கைவைத்து நான்கு வினாக்களுக்கு விடை சொல்ல வேண்டும். அவற்றுள் ஒன்று, எத்தொழிலினராயினும் எம்மதத்தினராயினும் மனிதகுலம் முழுவதையும் நேசிக்கின்றீரோ என்பது. நேசிக்கின்றேன் என்றே அனைவரும் விடை கூறினர்.

மனிதகுலம் என்றால் யார்? அதே தெருக்களில் மூட்டை சுமந்தும், அதே வீடுகளிற் சமைத்தும் வாழ்ந்த ஆப்பிரிக்க அடிமைகள் அச்சொல்லில் அடங்கினரோ? 1729-ஆம் ஆண்டிற் பிராங்க்ளின் வாங்கி நடத்திய பத்திரிகையில் அடிமைகளை விற்கும் விளம்பரங்களும், ஓடிப்போன அடிமைகளைப் பிடித்துத் தரக் கோரும் விளம்பரங்களும் வெளிவந்தன. தாமே ஒப்பந்தத்தை முறித்து ஓடிவந்தவர் ஓடியவரைப் பிடிக்கும் விளம்பரத்துக்கு எழுத்துக் கோத்தார்! அவர் வீட்டிலும் அடிமைகள் இருந்தனர்.

1757-ஆம் ஆண்டில் அவர் மகனோடு இங்கிலாந்து சென்றபோது பீட்டர், கிங் என்னும் இரண்டு அடிமைகள் உடன் சென்றனர். அவ்விருவருள் கிங் அங்கே ஓடிப்போனார். சில காலத்துக்குப் பின் சபோக் பகுதியில் ஒரு சீமாட்டியின் இல்லத்தில் அவர் இருப்பது தெரியவந்தது. அச்சீமாட்டி அவரைப் பள்ளிக்கனுப்பி எழுதப் படிக்கவும், வயலின் வாசிக்கவும், கொம்பு ஊதவும் கற்பித்திருந்தார். இதனைத் தம் மனைவியாருக்கு 1760-ஆம் ஆண்டில் எழுதிய கடிதத்திற் பிராங்க்ளினே தெரிவிக்கின்றார். அன்பர்களே, எண்ணிப் பாருங்கள்! நீர் படித்தது யாது என்ற வினாவை வாரந்தோறும் கேட்டவருடைய குடும்பத்தைச் சேர்ந்த ஒருவரைப் பள்ளிக்கனுப்ப வேறொரு வீடு வேண்டியிருந்தது.

ஆயினும் முழு உண்மையையும் சொல்லுதல் நம் கடன். 1763-ஆம் ஆண்டிற் பிலடெல்பியாவிலுள்ள கறுப்புச் சிறார் பள்ளியைப் பிராங்க்ளின் நேரிற் சென்று பார்த்தார். அக்குழந்தைகளின் அறிவுக்கூர்மையும் நினைவாற்றலும் வெள்ளைக் குழந்தைகளுடையவற்றுக்குக் குறைந்தனவல்ல எனக் கண்டு, தம் பழைய எண்ணத்தை மாற்றிக்கொண்டதாக எழுதினார். 1787-ஆம் ஆண்டில் அடிமை ஒழிப்புச் சங்கத்தின் தலைமையை ஏற்றார். 1790-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அடிமைத்தனத்தை ஒழிக்கக் கோரும் மனு ஒன்றிற் கையொப்பமிட்டு நாட்டின் பேரவைக்கு அனுப்பினார். அவ்வாண்டு ஏப்ரலிற் காலமானார். தவறு செய்தவர் திருந்தினார் என்பது அவருக்குப் பெருமையே. ஆனால் ஒருவர் திருந்துவதற்கு அறுபதாண்டு ஆகுமெனின், படியில் நிற்போர் அதுவரை நின்றுகொண்டே இருப்பதா? அவர்கள் நிற்கவில்லை.

இரண்டாம் கூட்டம்

ஜண்டோ தோன்றி ஏறத்தாழ நூறாண்டுகள் கழிந்தன. 1780-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட ஒரு சட்டத்தால் பென்சில்வேனியாவில் அடிமைத்தனம் சிறிது சிறிதாகத் தேய்ந்து வந்தது. பிலடெல்பியாவில் விடுதலை பெற்ற கறுப்பர் பெருந்தொகையினர் வாழ்ந்தனர். முடி திருத்துவோர், படகுப் பாய் தைப்போர், ரொட்டி சுடுவோர், ஆசிரியர் எனப் பலர் அவருள் இருந்தனர். அடிமைத்தளை நீங்கிற்று, இழிவு நீங்கவில்லை. எல்லா மனிதருள்ளும் இறைவனின் ஒளி உண்டென்று போதித்த குவேக்கர் வழிபாட்டுக் கூடத்திலும் கறுப்பருக்கெனத் தனி விசுப்பலகை இடப்பட்டிருந்தது.

1827-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் நியூயார்க் நகரிற் பிரீடம்ஸ் ஜர்னல் என்னும் இதழ் தோன்றிற்று. அமெரிக்கக் கறுப்பர் தாமே நடத்திய முதற் பத்திரிகை அதுவே. மறு ஆண்டு, 1828-இல், பிலடெல்பியாவிற் கறுப்பர் சிலர் வாசிப்பறைச் சங்கம் ஒன்றை நிறுவினர். அதன் முன்னோடிகளுள் ஒருவர் வில்லியம் விப்பர். பின்னாளில் மரவணிகத்திற் பொருளீட்டி, தெற்கிலிருந்து தப்பியோடி வந்த அடிமைகளுக்குத் துணை நின்றவர். அச்சங்கத்தின் விதிகளைப் பாருங்கள். வந்த பணத்தில் விளக்குக்கும் வாடகைக்கும் போக எஞ்சியதெல்லாம் நூலுக்கே. ஒரு நூலை ஒரு வாரத்துக்குமேல் ஒருவர் வைத்திருத்தலாகாது. வாரம் ஒருமுறை கூட வேண்டும். பழைய நூலைக் கொடுத்துப் புதிய நூலைப் பெற வேண்டும். படித்ததனால் மனத்தில் எழுந்த எண்ணத்தைச் சொல்ல விரும்புவோர் எழுந்து சொல்லலாம். ஜண்டோவின் முதல் வினா வேறொரு தெருவில் மீண்டும் கேட்கப்பட்டது!

இவ்வினாவைக் கேட்பதற்கு அந்நாளில் எத்துணைத் துணிவு வேண்டியிருந்தது என்பதைத் தென்னாட்டுச் சட்டங்களைப் பார்த்தால் விளங்கும். 1830-ஆம் ஆண்டில் வட கரோலினா அடிமைகளுக்கு எழுத்தறிவிப்பதைக் குற்றமாக்கிற்று. 1831-ஆம் ஆண்டில் வர்ஜீனியா ஒருபடி மேலே சென்று, விடுதலை பெற்ற கறுப்பருங்கூட எழுதப் படிக்கக் கற்கும்பொருட்டு ஒன்றுகூடுவது சட்டவிரோதமான கூட்டம் என விதித்தது. ஆண்டைகள் அஞ்சியது நூலை மட்டுமன்று. நூலைச் சுற்றிக் கூடும் கூட்டத்தை. தனியே படிக்கின்றவன் பெருமூச்சு விட்டு நூலை மூடிவிடக் கூடும். கூடிப் படிக்கின்றவர், அடுத்து என்ன செய்வது என்று கேட்பர்.

அதே 1831-ஆம் ஆண்டு செப்டம்பரிற் பிலடெல்பியாவின் கறுப்பு மாதர் இருபதின்மர் அளவில் இலக்கியச் சங்கம் ஒன்று கண்டனர். ஜண்டோவிற் பெண்களுக்கு இடமில்லை. இதனை நாம் இதுவரை சொல்லாதிருந்தது, நம் ஐவர் கூட்டத்திலும் பெண் ஒருவரும் இல்லையே என்னும் நாணத்தினால் என்பதை ஒப்புக்கொள்கின்றோம். அம்மாதர் சங்கத்தின் உயிராக விளங்கியவர் 1806-ஆம் ஆண்டிற் பிறந்த சாரா மாப்ஸ் டக்ளஸ் என்னும் ஆசிரியை. முன்னர்ச் சொன்ன விசுப்பலகையில் தாயாரோடு அமர்ந்து அவ்விழிவை அனுபவித்தவர் அவர்.

அச்சங்கத்தார் ஒரு புதுமுறை வகுத்தனர். ஒவ்வொருவரும் தாம் எழுதியதைப் பெயரிடாது ஒரு பெட்டியில் இடுவர். பின்னர் அவை எடுத்துப் படிக்கப்படும். குணமும் குற்றமும் ஆராயப்படும். எழுதியவர் யாரெனத் தெரியாதாகலின், முகத்துக்கு அஞ்சிப் புகழ்தலும் இல்லை. பகைமையால் இகழ்தலும் இல்லை. நல்லவை பாஸ்டனிலிருந்து வெளிவந்த லிபரேட்டர் என்னும் அடிமை ஒழிப்பு இதழில் அச்சேறின. டக்ளஸ் அம்மையார் புனைபெயர்களில் எழுதிய கட்டுரைகளும் அதில் வந்தன. 1832-ஆம் ஆண்டில் தம் இல்லத்தில் அவர் அறிவு விருந்து ஒன்று நடத்தினார். விருந்தென்றாற் பதினாறு வகைக் கறி அன்று. உணவு மிக எளியது. படித்தலும், பேசலும், அடிமைகளின் துயரை எண்ணி உருகலுமே அங்குப் பரிமாறப்பட்டன.

அவ்வாண்டில் அம்மையார் தோழியருக்கு ஆற்றிய உரை நம் உள்ளத்தைத் தொடுவது. பென்சில்வேனியாவிற் பிறந்து அடிமைத்தனத்தை நேரிற் காணாத தாம், ஒரு காலத்தில் தமக்கெனச் சிறு உலகம் ஒன்றை அமைத்துக்கொண்டு, அடிமைகளின் துன்பம் தம்மை எட்டாதென வாழ்ந்ததாக அவர் கூறினார். அப்போது விடுதலை பெற்ற கறுப்பரின் குடிவரவைத் தடுக்கவும் நடமாட்டத்தைக் கட்டுப்படுத்தவும் அந்நாட்டுச் சட்டசபையில் முயற்சி எழுந்தது. அதைக் கண்டபின்னரே, அவர்கள் துன்பமும் தம் துன்பமும் ஒன்றே எனத் தாம் உணர்ந்ததாகச் சொன்னார். படித்தவர் தமக்கெனச் சிறு உலகம் அமைத்துக்கொள்வது பிலடெல்பியாவில் மட்டுமோ நடப்பது? கிராணி வீட்டு முன்கூடமும் அத்தகைய சிறு உலகமே என்பதை அவ்வுரையைப் படித்த அன்று நாம் உணர்ந்தோம்.

1833-ஆம் ஆண்டிற் பிலடெல்பியாக் கறுப்பர் நூலகச் சங்கம் நிறுவப்பட்டது. பெயரைக் கவனியுங்கள். பிராங்க்ளின் கண்ட நூலகத்தின் பெயரையே எடுத்து, இதோ நாமும் எனச் சொல்வதுபோல் வைத்தனர். நூல் படித்தலோடு சொற்போரும் சொற்பொழிவும் அங்கே நிகழ்ந்தன. ஐந்தாண்டுகளில், 1838-இல், ஏறத்தாழ அறுநூறு நூல்களும் நூற்றைம்பது உறுப்பினரும் அச்சங்கத்துக்கு இருந்தனர்.

தீயும் தீயணைப்போரும்

1838-ஆம் ஆண்டு அம்மக்களுக்கு இருண்ட ஆண்டாயிற்று. அடிமை ஒழிப்பாளர் பங்கு சேர்த்துக் கட்டிய பென்சில்வேனியா மண்டபம் மே 14-ஆம் நாள் திறக்கப்பட்டது. அடிமை ஒழிப்பு நூல்களும் இதழ்களும் அங்கே இருந்தன. அமெரிக்க மாதரின் அடிமை ஒழிப்பு மாநாடு அம்மண்டபத்திற் கூடிற்று. டக்ளஸ் அம்மையாரும் அம்மாநாட்டின் பொறுப்பிலிருந்தோருள் ஒருவர். வெள்ளை மாதரும் கறுப்பு மாதரும் ஒரே வரிசையில் அமர்ந்ததைக் காணப் பொறாத கும்பல் வெளியே திரண்டது. திறந்து மூன்று நாள் கழித்து, மே 17-ஆம் நாள் இரவில், கும்பல் கதவை உடைத்து உட்புகுந்து தீ வைத்தது.

தீயணைப்புக் கழகத்தார் வந்தனர். வந்து என்ன செய்தனர்? பக்கத்துக் கட்டடங்கள்மீது நீரைப் பாய்ச்சினர். எரியும் மண்டபத்தை எரியவிட்டனர். பெஞ்சமின் லண்டி என்னும் அடிமை ஒழிப்பாளர் அங்கு வைத்திருந்த தாள்களும் உடைமைகளும் சாம்பலாயின. நூறாண்டுகளுக்கு முன் ஒரு வாசகர் கூட்டத்திற் படிக்கப்பட்ட கட்டுரையால் அந்நகரிற் பிறந்த தொண்டு அது. ஊரார் வீடு எரிந்தால் என் வீடு எரிந்ததுபோல் என்பதே அத்தொண்டின் கருத்து. ஊரார் என்னும் சொல்லில் யார் யார் அடங்குவர் என்பதை முதலிலேயே முடிவு செய்யாததன் பயனை அன்றிரவு அந்நகரம் கண்டது. அவ்வாண்டிலேயே பென்சில்வேனியா தன் அரசியல் சட்டத்தைத் திருத்தி, கறுப்பு ஆடவரிடமிருந்த வாக்குரிமையையும் பறித்தது. 1870-ஆம் ஆண்டிலேதான் அவ்வுரிமை மீண்டது.

அம்மக்கள் சோர்ந்தனரோ? மண்டபம் எரிந்த மறுநாளே மாதர் மாநாடு ஒரு பள்ளியறையிற் கூடித் தன் பணியை முடித்தது. 1841-ஆம் ஆண்டில் ஆடவரும் பெண்டிரும் சேர்ந்த கில்பர்ட் கழகம் என்னும் புதிய அறிவுக் கழகம் தோன்றிற்று. டக்ளஸ் அம்மையார் 1853-ஆம் ஆண்டு முதல் 1877 வரை கறுப்பு இளைஞர் கல்விக்கூடத்தில் ஆசிரியையாக இருந்து பல தலைமுறையினரை உருவாக்கினார். 1882-ஆம் ஆண்டில் மறைந்தார்.

அந்நாளிற் கறுப்பு மாதர் தம்முள் நட்பேடுகளைச் சுற்றுக்கு விடுவது வழக்கம். தோழியர் அவற்றிற் கவிதையும் கட்டுரையும் எழுதுவர், ஓவியம் தீட்டுவர். டக்ளஸ் அம்மையார் தம் கையாற் பூக்கள் தீட்டிய ஏடுகள் இன்றும் உள்ளன. எங்கே தெரியுமோ? 1731-ஆம் ஆண்டிற் பிராங்க்ளினும் நண்பரும் தொடங்கிய அந்த நூலகச் சங்கத்தின் தொகுப்பிலே! கறுப்பர் வரலாற்றை ஆராய்வோர் தேடிச் செல்லும் பெருந்தொகுப்புக்களுள் இன்று அதுவும் ஒன்று. கதவு திறந்துவிட்டது, ஆனால் அம்மையார் உயிரோடு நடந்து நுழைந்திருக்க வேண்டிய கதவு அது.

நமக்குரிய பாடம்

இனி, நம் வாயிற்படிக்கு வருவோம். பிராங்க்ளினும் நண்பரும் தீயவரல்லர். அவர்கள் கேட்ட கேள்வி உலகில் மிகச் சிறந்த கேள்விகளுள் ஒன்று. அதனைப் பன்னிருவரோடு நிறுத்தியதே குறை. விப்பரும் டக்ளஸ் அம்மையாரும் அக்கேள்வியைத் தங்களுக்குள் கேட்டுக்கொள்ள எவருடைய அனுமதிக்கும் காத்திருக்கவில்லை. ஆதலின் இவ்வரலாற்றில் இருவகையார்க்கும் பாடம் உண்டு. கூடத்தினுள் இருப்போர், தடுக்கவில்லையே என்று மனநிறைவு கொள்ளாது, எழுந்து சென்று அழைத்தல் வேண்டும். படியில் நிற்போர், அழைப்பு வரும் வரை காத்திராது, மரத்தடியிலேனும் தமக்கென ஒரு கூட்டம் காண வேண்டும்.

முன்னாளில் நம் தோட்டத்து லயங்களில், ஒருவர் தமிழ்ப் பத்திரிகையை உரக்கப் படிக்க, எழுத்தறியாதார் பலர் சூழ்ந்திருந்து கேட்ட காட்சியை முதியோர் இன்றும் சொல்வர். அக்கேள்வியாற் பிறந்த விழிப்புக்கு அளவுண்டோ? இன்று எழுத்தறிந்தோர் தொகை பெருகிற்று. கூடியிருந்து கேட்கும் வழக்கமோ அருகிற்று. ஒவ்வொருவரும் தனித்தனியே எதையோ படிக்கின்றோம், ஒருவரையொருவர் கேட்பதில்லை.

நம் கூட்டம் இப்போது முன்கூடத்தில் நடப்பதில்லை. தோட்டத்துப் பொதுக்கூடத்தில் நடக்கின்றது. பெண்டிர் நால்வர் வருகின்றனர். அங்கு நடந்த முதற் கூட்டத்தில் அம்முதியவரை நோக்கி, “பெரியவரே, முதலில் நீங்கள் சொல்லுங்கள்” என்றோம். “எனக்குப் படிக்கத் தெரியாதே, ஐயா” என்றார். பின்னர்ச் சற்று எண்ணி, மூன்றாண்டுகளுக்கு முன் எங்களுள் ஒருவர் பேசிய ஒரு நூலின் கதையைத் தொடக்கம் முதல் முடிவு வரை தவறாது சொன்னார். கதையிலே தமக்குப் பிடிக்காத இடத்தையும், அதற்குரிய காரணத்தையும் சொன்னார். அந்நூலைப் படித்த நண்பரோ அதனை அறவே மறந்திருந்தார். அன்று எங்கள் ஐவருள்ளும் கற்றவர் யார் என்னும் ஐயம் நமக்கு உண்டாயிற்று.

அன்பர்களே! அடுத்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் தோட்டத்திலோ பட்டணத்திலோ பத்துப் பேரைக் கூட்டுங்கள். பொருளும் வேண்டா, மேடையும் வேண்டா, மாலையும் வேண்டா. நீர் படித்தது யாது என்று கேளுங்கள். படிக்காதவரை நோக்கி, நீர் கேட்டது யாது என்று கேளுங்கள். ஆனால் தொடங்குவதற்கு முன் ஒருமுறை எழுந்து சென்று, வாயிற்படியில் எவரேனும் நிற்கின்றாரோ என்று பார்த்து வாருங்கள்.